வெளியே போன நேரம்

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. 2024 ஜூலை 18, வியாழக்கிழமை, சாயங்காலம் 4.10 முதல் 4.47 வரை. முப்பத்தேழு நிமிடம். தோராயமாகச் சொல்லவில்லை. நேரத்தைக் குறித்து வைப்பதுதான் என் தொழில்.

பேய் என்றால் நடுராத்திரி வேண்டும் என்பவர்கள் வேறு எதையாவது படிக்கலாம். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் எனக்கு நடந்தது. நம்பாவிட்டால் போகட்டும். அன்று பயந்தேன், உண்மை. ஆனால் இதை எழுத வைப்பது பயம் இல்லை. கோபம்.

என் பெயர் அஞ்சனா. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், திருப்பூணித்துறையில் வீடு. மட்டாஞ்சேரியில் ஒரு மசாலா ஏற்றுமதிக் கம்பெனியின் ரெக்கார்டு ரூம் ஐந்து வருடமாக என் பொறுப்பில் இருந்தது. பழைய மிளகுக் கிடங்கு அது. ஜன்னல் கிடையாது. பன்னிரண்டு ரேக், நாலாயிரத்துச் சொச்சம் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டவள் நான்.

நூலக அறிவியல் படித்துவிட்டு ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் ஃபைல் அடுக்கித்தான் தொழிலைத் தொடங்கினேன். அங்கே என்னை 'கீழ் ரூம் பொண்ணு' என்பார்கள். சொந்தக்காரர்களுக்கு நான் பழைய பேப்பர்காரி. ஒரு காகிதம் காணாமல் போனால் மட்டும் என் பெயர் எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

இதே மாதிரி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தேடினேன். 2017-இல் வைட்டிலா பஸ் ஸ்டாண்டு சாயாக் கடையில் மூன்று பேராக உட்கார்ந்தோம். பிறகு மாதம்தோறும் இரண்டாவது சனிக்கிழமை. கரையானுக்கு என்ன செய்வது, எந்தக் காகிதத்தை எத்தனை வருடம் வைப்பது, முதலாளி அவசரப்படுத்தினால் எப்படி மறுப்பது... பேச யாருமில்லாமல் கிடந்தவர்கள் பேசினோம். வேலை போனவர்களுக்கு வேலை தேடிக் கொடுத்தோம். ஏழு வருடத்தில் நாற்பத்தாறு பேர் ஆனோம்.

அந்த ஜூலை 17, புதன்கிழமை, கம்பெனி வாசலில் ஒரு அம்மாள் நின்றிருந்தார். வாட்ச்மேன் சுதீர் அவரை உள்ளே விடவில்லை. சாயா குடிக்க வெளியே வந்த என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெயர் ஆவுடையம்மாள். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். இந்த ஊர் மார்க்கெட்டில் காய் விற்கிறார். அவர் கணவர் ஒச்சப்பன் இங்கே சுமை தூக்கியவர். 2016 ஜூலை 14-ஆம் தேதி வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. அன்றைக்கு அவர் வேலைக்கே வரவில்லை, எவளையோ கூட்டிக்கொண்டு ஓடியிருப்பார் என்று கம்பெனி சொல்லிவிட்டது. போலீஸும் அதையே எழுதிக்கொண்டது.

"எட்டு வருசமா ஓடிப்போனவன் பொண்டாட்டின்னுதான் தாயி என்னயக் கூப்பிடுறாக. எம்புருசன் ஓடுற ஆளு இல்ல. அன்னிக்கு உள்ள போனாருன்னு ஒரு எழுத்து கெடைக்குமா? அது போதும்."

"பாக்கறேன்மா" என்றேன்.

மறுநாள் நாலு மணிக்கு மேனேஜர் விஸ்வநாத் ஒரு பட்டியலை நீட்டினார். அழிக்க வேண்டிய பெட்டிகள், அறுபது. கேட் ரெஜிஸ்டர்களை எட்டு வருடம்தான் வைக்க வேண்டும் என்பது விதி. அந்த வாரம்தான் எட்டு வருடம் முடிந்திருந்தது. பட்டியலில் ஒன்று 7-ஆம் ரேக், 31-ஆம் பெட்டி: கேட் ரெஜிஸ்டர், ஜூலை 2016.

"நாளைக்குப் பத்து மணிக்கு வண்டி வரது. உன் கையெழுத்து வேணும், ஒப்பு போட்டுத் தா."

"ஒரு வாரம் டைம் வேணும் சார். ஒண்ணு பாக்கணும்."

"பழைய பேப்பர்ல என்ன பாக்கறது? நீ ஃபைல் அடுக்கற ஆளு. அதைப் பண்ணினா போறும். உன் சங்கம் கிங்கமெல்லாம் கேட்டுக்கு வெளியில வெச்சுக்கோ."

காது சுட்டது. பட்டியலை அவர் மேஜை மேலேயே போட்டுவிட்டு இறங்கினேன்.

4.10. ரெக்கார்டு ரூமைத் திறந்தேன். சாவி என்னிடம் மட்டும்தான். வெளியே மழை. உள்ளே சுவரில் ஈரப்பதம் காட்டும் மீட்டர் இருக்கிறது. உள்ளே போனதும் அதைப் பார்ப்பது என் பழக்கம். 58. சரியாக இருந்தது.

ஏழாவது ரேக் கிழக்கு மூலையில், தூணை ஒட்டி நிற்கிறது. அதற்கு முன்னால்தான் என் நாற்காலி. 31-ஆம் பெட்டியை இழுத்தேன்.

லேசாக இருந்தது. திறந்தேன். காலி.

என் அறையில் எனக்குத் தெரியாமல் ஒருவன் கை வைத்திருக்கிறான்! மாற்றுச் சாவி போட்டிருக்கிறான். காலிப் பெட்டியை அழித்ததற்கு நாளைக்கு என் கையெழுத்தை வாங்கப் பார்த்திருக்கிறான். வாய்விட்டுத் திட்டினேன். அம்மா கேட்டிருந்தால் காதைப் பொத்தியிருப்பாள்.

4.22. கரண்ட் போனது.

எமர்ஜென்சி லைட் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஃபோனில் டார்ச் போட்டேன்.

அப்போதுதான் அந்த வாசனை. பழைய காகித வாசனை எனக்குத் தெரியும். இது வேறு. சேறு. நனைந்த சாக்கு. ரொம்ப நாள் மூடிக் கிடந்த தண்ணீர்.

சொட்டு... சொட்டு...

கூரை ஒழுகுகிறது என்று டார்ச்சை மேலே அடித்தேன். காய்ந்திருந்தது. தரையும் காய்ந்திருந்தது. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

சொட்டு...

மீட்டர் பக்கம் டார்ச்சைத் திருப்பினேன். 4.31. இருபத்தொரு நிமிடத்தில் 58 போய் 97 காட்டியது. புயல் மழையில்கூட அந்த அறையில் நான் 70 பார்த்ததில்லை.

வெளியே போக வேண்டும் என்று புத்தி சொன்னது. கால் கேட்கவில்லை.

"பதினாலு..."

பெண் குரல். பக்கத்தில்.

"யாரது?"

மழைச் சத்தம்கூட நின்றுவிட்டது போலிருந்தது.

"பதினாலு..."

ஆவுடையம்மாள் சொன்ன தேதி நினைவுக்கு வரவில்லை. பெட்டி எண் என்றுதான் தோன்றியது. எண் சொன்னால் பெட்டியைத் தேடும் பிழைப்பு. குனிந்தேன். ஏழாவது ரேக், அடித்தட்டு, 14-ஆம் பெட்டி. மேலே என் கையெழுத்தில் 'பார்வையாளர் சீட்டு' என்று இருந்தது.

இழுத்தேன். கனத்தது.

மேலே சீட்டுகள். அடியில் ஒரு நீள ரெஜிஸ்டர். ஜூலை 2016. அதை அங்கே வைத்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

4.38. பக்கத்தைப் புரட்டினேன். பதினாலாம் தேதி. முப்பத்திரண்டு பெயர்கள். எல்லாம் ஆண்கள். பெண் கூலிகள் பின்பக்க வழியாக வருவார்கள், அவர்கள் பெயரை எழுதும் வழக்கம் இல்லை. பத்தொன்பதாவது வரி. ஒச்சப்பன். உள்ளே வந்த நேரம் காலை 7.10.

வெளியே போன நேரம்... காலி.

மற்ற முப்பத்தொரு பேருக்கும் நேரம் இருந்தது. அவருக்கு மட்டும் இல்லை. மறுநாள் பக்கத்தில் அவர் பெயரே இல்லை.

ரெஜிஸ்டரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

காலில் ஏதோ குளிர்ந்தது.

காற்று. கீழேயிருந்து.

சிமெண்டுத் தரை. விரிசல் இல்லை. ஆனால் காற்று வந்தது.

மூச்சு விடுவது போல... விட்டு விட்டு...

பிறகு அந்தக் குரல்.

இப்போது பக்கத்தில் இல்லை.

என் காலுக்குக் கீழே.

"எழுது."

ஓடினேன். எதில் மோதினேன், எப்படிக் கதவைத் திறந்தேன், தெரியாது. வராந்தாவில் விழுந்தபோது பின்னால் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மீட்டர் 58 காட்டியது. மணி 4.47.

சுதீர் ஓடி வந்தான். "சேச்சி, எந்து பற்றி, என்ன ஆச்சு? முகமெல்லாம் வெளுத்துப் போச்சே!"

"கரண்ட் எப்ப வந்தது சுதீர்?"

"கரண்டா? அது போகவே இல்லல்லோ சேச்சி. ஃபேன் ஓடிட்டுத்தானே இருக்கு."

எழுந்து நின்றேன். என் முழங்காலில் ரத்தம். முழங்காலுக்குக் கீழே புடவை நனைந்து சேறாகியிருந்தது. சுதீரும் அதைப் பார்த்தான்.

அன்று மாலையே ரெஜிஸ்டரைப் படம் எடுத்து எங்கள் குழுவில் போட்டேன். குரலைப் பற்றி எழுதவில்லை. இருந்த காகிதத்தைப் பற்றி மட்டும் எழுதினேன். அழிப்புப் பட்டியலில் கையெழுத்துப் போட மாட்டேன், நாளைக் காலை போலீஸுக்குப் போகிறேன், கூட யார் வருகிறீர்கள் என்று கேட்டேன்.

கம்பெனிக் காகிதத்தை வெளியில் காட்டலாமா என்று ஒருவர் பாடம் எடுத்தார். நமக்கு எதற்கு வம்பு என்றார் இன்னொருவர். விடிவதற்குள் ஒன்பது பேர் சத்தமில்லாமல் குழுவை விட்டுப் போயிருந்தார்கள். அதில் மூன்று பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நாங்கள்தான். அவர்கள் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

பதினோரு பேர் வந்தார்கள். லீவு போட்டுவிட்டு, மழையில், மட்டாஞ்சேரி ஸ்டேஷன் வாசலில் ஆவுடையம்மாளைச் சுற்றி நின்றார்கள். என்னை வாசல்வரை விரட்டி வந்த எஸ்.ஐ. அத்தனை பேரைப் பார்த்ததும் புகாரை வாங்கினார். ரெஜிஸ்டரை ரசீது வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன்.

மத்தியானம் எனக்கு வேலை போய்விட்டது. நம்பிக்கைத் துரோகம் என்று கடிதத்தில் இருந்தது. யார் யாருக்குச் செய்த துரோகம்?

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணபிரசாத் கூப்பிட்டான். எங்கள் குழுவில் ஒருவன். இடப்பள்ளியில் கட்டட வரைபடம் போடும் ஆபீஸில் பழைய பிளான்களைப் பார்த்துக்கொள்கிறான்.

"அஞ்சனாக்கா, உங்க ரூம்ல ஏழாவது ரேக் எங்க நிக்கறது?"

"கிழக்கு மூலை. தூண் பக்கத்துல. ஏன்?"

அவன் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"அங்க ஒரு கிணறு இருந்திருக்குக்கா. பழைய பிளான்ல இருக்கு. கிணத்தை மூடி கான்க்ரீட் போடறதுன்னு திருத்தின பிளானும் இருக்கு."

"தேதி?"

"பதினாறு ஜூலை, ரெண்டாயிரத்துப் பதினாறு."

அன்று நான் சாப்பிடவில்லை. ஐந்து வருடம் அதன் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். டிபன் சாப்பிட்டிருக்கிறேன். அலுப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தரையில் கால் நீட்டியிருக்கிறேன்.

கிருஷ்ணபிரசாத் தன் ஆபீஸில் சொல்லிவிட்டு, பிளானின் நகலை முறைப்படி போலீஸிடம் கொடுத்தான். இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். நவம்பர் 21, காலை 10.40-க்குத் தரையை உடைத்தார்கள். ஆவுடையம்மாளும் நானும் வாசலில் நின்றோம். அவர் அழவில்லை. "இப்பச் சொல்லட்டும்" என்றார். "எவன் சொல்றான்னு பாக்கேன், ஓடிப்போயிட்டாருன்னு."

உள்ளே எலும்புகள் கிடந்தன. கிணற்றைச் சுத்தம் செய்ய ஒச்சப்பனை இறக்கியிருக்கிறார்கள். கயிறு இல்லை, காற்றைச் சோதிக்கவில்லை. மூச்சு முட்டியவரைத் தூக்குவதற்குப் பதில் மூடிவிட்டார்கள். பழைய மேஸ்திரி ஒருவர் அப்படித்தான் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். வழக்கு நடக்கிறது. அன்றும் மேனேஜராக இருந்த விஸ்வநாத் ஜாமீனில் இருக்கிறார். டி.என்.ஏ. பார்த்து ஒச்சப்பன்தான் என்று உறுதி செய்து, ஆவுடையம்மாள் கையில் இறப்புச் சான்றிதழ் வந்தது. அதை லேமினேட் செய்து காய்க் கடையில் தராசுக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறார். எல்லோரும் படிக்கட்டும் என்று.

இத்தோடு முடிந்திருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

ஜனவரியில், எலும்புகளைப் பரிசோதித்த ஆஸ்பத்திரியின் அறிக்கை வந்தது. ஆவுடையம்மாளுக்கு நான்தான் படித்துச் சொன்னேன். இரண்டாவது பக்கத்தில் நிறுத்திவிட்டேன்.

கிணற்றில் இருந்த எலும்புகள் ஒரு ஆளுடையவை இல்லை.

இரண்டு பேர்.

இரண்டாவது ஆள் ஒரு பெண். வயது இருபத்தைந்துக்குள். இடது கையில் மூன்று கண்ணாடி வளையல்.

காணவில்லை என்று யாரும் புகார் கொடுத்திருக்கவில்லை. மேஸ்திரிக்குப் பெயர் தெரியவில்லை. ஏதோ ஒரு பொண்ணு, பின்பக்கமா வந்தது என்கிறார். நாலாயிரம் பெட்டியிலும், நாங்கள் தேடிய எந்த ஆபீஸிலும், எந்தக் காகிதத்திலும்... அவள் இல்லை. 'எழுது' என்றது பெண் குரல்.