சோளகத்தில் பிறந்தவரின் ஞானஸ்நானம்

மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து கற்பிட்டிக் கரைக்கு வந்தபோது என் மகனுக்கு அடையாள அட்டை எடுக்கும் வயது. அட்டை இல்லாத பெடியன்களைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கி வைத்துக்கொள்வார்கள். அவன் டியூசனுக்குப் போய்த் திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்காது. விண்ணப்பத்துக்கு வதிவிடக் கடிதம் வேண்டும். அதைத் தரவேண்டிய கிராம சேவகர், புதிதாக வந்த எங்களுக்கு எழுதத் தயங்கினார்.

"உங்கட அப்பா இந்தப் பக்கத்து ஆள் என்டு சொல்றீங்க. ஏதாவது எழுத்தில கொண்டு வாங்க."

அப்பா ஆடி மாதத்தில் பிறந்தவர் என்று அம்மா சொல்வாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்; வருடம்கூட நிச்சயமில்லை. பங்குக் கோவிலில் குருவான சுவாமி அலுமாரியைத் திறந்துவிட்டார். செல்லரித்த ஞானஸ்நானப் புத்தகங்களில் மூன்று வருடங்களின் யூலை, ஓகஸ்ட் பக்கங்களைப் பார்த்தேன். அப்பா இல்லை.

பக்கங்கள் உடையாமல் பிடித்துக்கொண்டிருந்த கோவில் மூப்பர் கேட்டார்: "உங்கட ஆக்கள் மற்றக் கரையில வாடி போட்டு மீன் பிடிக்கப் போற ஆக்களா?"

"ஓம். அப்பாட அப்பா கரைவலைக்காரர்."

"அப்ப என்னத்துக்குத் தங்கச்சி யூலையைக் கிண்டுறீங்க? சோளகக் காத்து எழும்பினா இங்க தொழில் இல்லை. பெண்சாதி, பிள்ளை, கோழியோட கிழக்குக் கரைக்கு, முல்லைத்தீவுக்குப் போயிருவாங்க. திரும்பி வந்துதான் பிள்ளைக்குத் தண்ணி ஊத்துறது. ஒக்டோபரைப் பாருங்க."

ஒக்டோபரில் ஒரே நாளில் ஒன்பது பிள்ளைகள். எட்டாவது அப்பா. அந்த லத்தீன் வரிகளைச் சுவாமி வாசித்துச் சொன்னார்: பெற்றோர் இந்தப் பங்கினர். பிறந்த இடம் முல்லைத்தீவு.

போர் நடந்த அந்த நாட்களில், புலிகளின் கையில் இருந்த அந்த ஊரின் பெயரை நாங்கள் பஸ்ஸில்கூட உரத்துச் சொல்வதில்லை. அப்பாவின் பெற்றோரோ ஒரு கடலிலிருந்து மற்றக் கடலுக்கு யாரையும் கேளாமல் போய், பிள்ளையையும் பெற்றுக்கொண்டு வந்திருந்தார்கள்.

"சுவாமி, அந்த இடத்தை விட்டுட்டு எழுதித் தாங்கோவன்."

"அதை விட்டா மற்றதை யாரம்மா நம்புவாங்க?"

இரண்டையும் எழுதி முத்திரை குத்தித் தந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் கிராம சேவகர் அதை இரண்டு தரம் வாசித்தார். பெற்றோர் என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டே தன் கடிதத்தை எழுதினார். மற்றதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததும் பயமாகத்தான் இருந்தது.

அட்டை வர மாதங்கள் ஆயின. வந்த பிறகும், அவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்காமல் நான் அவனை வெளியே விட்டதில்லை. "இருக்கு அம்மா" என்பான். இருந்தாலும் தொடுவேன்.