எந்தக் கம்பியூட்டர் வேண்டும் என்று கேட்டார்கள்

இந்த நாட்டின் ரொட்டிக் கடையில் நான் இன்னும் வாய் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன். சவூதியின் தம்மாம் நகரத்தில் நான் குடியிருக்கும் தெருமுனையில் ஒரு குப்பூஸ் கடை. அடுப்பிலிருந்து வந்த ரொட்டியை ஒருவர் புரட்டிப் பார்க்கிறார். ஓரம் கருகியிருந்தால் "லா" என்று சொல்லித் திருப்பி வைக்கிறார். வேண்டாம், இல்லை, முடியாது எல்லாவற்றுக்கும் இங்கே அந்த ஒரு சொல் போதும். கடைக்காரர் கோபிப்பதில்லை. வேறொன்றை எடுத்துக் கொடுக்கிறார். இருவரும் வீட்டுச் சுகம் விசாரித்துக்கொண்டு பிரிகிறார்கள். நானோ ஆறு வருடமாகக் கருகிய ரொட்டி தின்கிறேன். எது கையில் விழுந்தாலும் "ஷுக்ரன்" என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். இதைச் சிரிப்புக்காக எழுதவில்லை. எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. யார்மேல் என்றால், முதலில் என்மேல்தான்.

நான் வேலை செய்வது தண்ணீர்ப் பம்புகள் விற்கும் ஒரு கம்பனியில். இலங்கையின் கல்முனையிலிருந்து ஸ்டோர் கீப்பராக வந்தவன். ஸ்டோரின் மூலையில் கம்பியூட்டர் ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. அதனோடு வந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஜும்ஆ தொழுகை முடிந்த வெள்ளிக்கிழமைகளில் தனியாகக் குந்தி, நானே புரோகிராம் எழுதப் பழகினேன். எந்தப் பம்புக்கு எந்தப் பாகம், எது தீரப்போகிறது என்று என் புரோகிராம் சொல்லத் தொடங்கியதும், முதீர் என்று நாங்கள் அழைக்கும் மேலாளர் மாடி அலுவலகத்தில் எனக்கு ஒரு மேசை கொடுத்தார். இனி இதுதான் உன் வேலை என்றார். கொஞ்ச நாளில், கம்பனிக்குப் புதிய கம்பியூட்டர் வாங்கப் போகிறோம், எது நல்லது என்று பார்த்து வை என்றும் சொன்னார்.

இரண்டு கிழமை எனக்கு வேறு நினைப்பில்லை. விற்பனைக்காரர்கள் கொடுத்த படப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்தேன். வழி இரண்டுதான். ஒன்று, பெரிய இயந்திரம் ஒன்றை ஓர் அறையில் வைத்து, மற்ற மேசைகளுக்கு வெறும் திரையும் விசைப்பலகையும் கொடுப்பது. இயந்திரம் ஒன்று, அதற்காகக் காத்திருப்பவர்கள் பலர். மற்றது, மேசைக்கு ஒரு சிறிய கம்பியூட்டர், தன் சொந்த ஹார்ட் டிஸ்க்கோடு. புரோகிராம் எழுதுகிறவனுக்கு இரண்டாவதுதான் வேண்டும். எழுதி, ஓட்டிப் பார்த்து, பிழைவிட்டு, திருத்தி, மறுபடி ஓட்டிப் பார்க்கிற வேலை இது. ஒரு நாளில் ஐம்பது தரம் பிழைவிட எனக்கு இடம் வேண்டும். மெமரி எவ்வளவு, பாலைவனத் தூசுக்கு என்ன மூடி, கண்ணை உறுத்தாத திரை எது என்று எல்லாவற்றையும் மூன்று பக்கம் எழுதி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

முடிவெடுக்கிற அன்று கணக்காளரும் வந்திருந்தார். எகிப்துக்காரர். பெரிய இயந்திரம்தான் வேண்டும், அதுவும் தன் அறையில்தான் இருக்க வேண்டும் என்று மேசையில் தட்டிச் சொன்னார். முதீர் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல். உனக்கு எது வேண்டும்?"

"முதீருக்குத் தெரியாததா? எதென்றாலும் எனக்குச் சரி."

எங்கள் ஊரில் இந்தப் பதிலுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. பெரியவர் கேட்டவுடன் ஆசையைக் கொட்டிவிடக் கூடாது. அவர் மறுபடி கேட்பார், மறுபடியும் ஒதுங்க வேண்டும். மூன்றாம் முறை வற்புறுத்தும்போது மனதில் இருப்பதைச் சொல்லலாம். நான் அந்த இரண்டாம் கேள்விக்காகக் காத்திருந்தேன். கை சட்டைப்பைக்குப் பக்கத்திலேயே இருந்தது. முதீர் "கலாஸ்" என்றார். முடிந்தது என்று அர்த்தம். எழுந்து போய்விட்டார். பெரிய இயந்திரம் கணக்காளரின் அறைக்கு வந்தது.

அன்றிலிருந்து நான் எழுதும் புரோகிராம் வரிசையில் கிடக்கிறது. கணக்காளரின் பட்டியல்கள் அச்சாகி முடிந்தால்தான் என் முறை. காலையில் விட்ட பிழையைப் பின்னேரம்தான் கண்டுபிடிக்கிறேன். வாப்பாவின் வயலும் இப்படித்தான். வாய்க்காலின் கடைசியில் கிடக்கிறது. மழையில்லாத காலத்துச் சிறுபோக விதைப்பு ஒவ்வொன்றுக்கும் முன்னால் கூட்டம் வைத்து, தண்ணீரை மதகடியிலிருந்து வரிசையாக விடுகிறோம், எல்லாருக்கும் சரிதானே என்று நீர்ப்பாசன அதிகாரி கேட்பார். வாப்பா எல்லாருக்கும் முன்னால் "ஓம்" என்று ஒத்துக்கொள்வார். வெளியே வந்து சால்வையை உதறி, கடைசி வயலுக்குத் தண்ணீர் எங்கே வரப்போகிறது என்று ஏசுவார். சின்ன வயதில் அதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது நானும், சட்டையும் காற்சட்டையும் போட்ட அதே மனிதன்தான்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் முதீரிடம் போய் முறையிட்டேன். அன்றைக்குக் கேட்டேனே என்று சொன்னார். அது நியாயம். அதோடு அவர் விட்டிருக்கலாம். இன்னும் கொஞ்சக் காலத்தில் கம்பியூட்டரே புரோகிராம் எழுதிவிடும், மனிதன் பேசுகிற மாதிரி நாலு வரி சொன்னால் போதும், உன்னைப்போல ஆட்கள் அது கேட்பதற்கு ஆம் சொல்லிக்கொண்டு இருந்தால் சரி என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எழுதட்டும். அந்தக் காலம் வரத்தான் போகிறது. ஆனால் அது எழுதியது பிழை என்று யார் சொல்வது? அன்றைக்குப் புரோகிராமரின் வேலையே அதுவாகத்தான் இருக்கும். "இது சரியில்லை, திருப்பி எழுது" என்று சொல்வது. இங்கே திரைக்கு முன்னால் குந்தியிருக்கும் நம் ஆட்களே, உங்களைத்தான் கேட்கிறேன். அந்த வேலைக்கு நாம் லாயக்கா?

இந்த ஆத்திரத்தோடுதான் லீவில் ஊருக்குப் போனேன். சிறுபோகக் கூட்டம் வந்தது. வாப்பாவோடு நானும் போனேன். எல்லாருக்கும் சரிதானே என்று அதிகாரி கேட்டார். வாப்பா வாயைத் திறக்குமுன் நான் எழுந்தேன்.

"இல்ல ஐயா. சரியில்ல. போன போகம் எங்கட வயலுக்குத் தண்ணி வரவே இல்ல. இந்த முறை கடைசியில இருந்து விடுங்க."

கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சவூதிக் காசு கதைக்குது என்று யாரோ பின்னால் சொன்னார்கள். வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். வீடு வரும்வரை எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். வாசலில் வைத்துத்தான் சொன்னார்.

"நீ போயிருவாய். நான்தான் மகன் இந்த ஆக்கள்ட முகத்தில முழிக்கணும்."

நான் திரும்பி வந்து மூன்று மாதம் கழித்து அவருடைய கடிதம் கிடைத்தது. இந்த முறை கடைசியிலிருந்துதான் தண்ணீர் விட்டார்களாம். வயல் நல்லா விளைந்து கிடக்கிறதாம். அதற்குக் கீழே, அல்லாஹ்வுக்காக அடுத்த கூட்டத்துக்கு நீ வந்துவிடாதே மகன் என்று எழுதியிருந்தார்.

கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். கணக்காளர் நீண்ட பட்டியல் ஒன்றை அச்சடிக்கப் போகிறார், உன் வேலை காத்திருக்கலாமா என்று திரை கேட்டது. ஆம் என்பதற்கு ஒரு விசை, இல்லை என்பதற்கு ஒரு விசை. ஆம் என்ற விசையில் எழுத்தே தேய்ந்துபோய்விட்டது. மற்றது வாங்கின அன்று போலப் பளபளத்தது. நான் வாப்பாவின் கையெழுத்தை இன்னொரு தரம் பார்த்தேன். பிறகு தேய்ந்த விசையைத்தான் அமுக்கினேன்.