குந்து என்றார் பெண்ணின் அப்பா

என் வீட்டுக்காரருக்கு மரியாதை ஒரு எழுத்து குறைந்தாலும் மூக்குக்கு மேல் கோபம் வரும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்குக் குடிவந்த புதிதில், "இன்னாபா" என்ற பால்காரரைச் சண்டை போட்டு நிறுத்திவிட்டார். நஷ்டம் எனக்குத்தான்; கடுங்காப்பி குடித்தேன்.

மகனுக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. அதே லைனில் வேலை பார்க்கும் வல்லக்கோட்டைப் பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். அவளோ, "உங்கப்பா கோவக்காரருன்னு நீயே சொல்ற. கத்திகினே இருக்குற வூட்டுக்கு நான் வரமாட்டேன்" என்று சொல்லியிருந்தாளாம். இதை அவன் என்னிடம் மட்டும்தான் சொன்னான். பெண் கேட்கப் போகும் வழியெல்லாம் முருகனை வேண்டிக்கொண்டே போனேன்.

பெண்ணின் அப்பா வாயெல்லாம் பல்லாக வாசலுக்கே ஓடி வந்தார். "வாபா, வா! குந்து, குந்து!"

இந்தப் பக்கத்தில் குந்து என்றால் உட்கார். எங்கள் காதுக்கு அது தரையில் குத்தவைக்கச் சொல்வது. சம்பந்தம் பேச வந்தவரிடம் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். என் வீட்டுக்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது. மகன் முகத்தில் ஈயாடவில்லை. கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் மகனை ஒரு பார்வை பார்த்தார். வேட்டியை மடித்தார். போட்டிருந்த நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார். அரிசி மண்டியில் மூட்டை தூக்கிய உடம்பு அது. ஆனால் அவரைப் பலசாலி என்று நான் நினைத்தது அந்த நிமிஷத்தில்தான்.

"இன்னாபா, சேர் கீது, நீ கீழ குந்திகினியே!" என்று பதறிய பெண்ணின் அப்பா, விருந்தாளி கீழே இருக்கத் தான் நிற்பதா என்று எதிரில் தானும் குந்தினார். அவர் மனைவியும் நானும்கூடக் கீழே. நாற்காலிகள் மட்டும் மரியாதையாக நின்றன. மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குந்து என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று அவன் போட்டு உடைத்ததும் வீடே சிரித்தது. பெண்ணின் அப்பாதான் பாவம், மூச்சுக்கு மூச்சு "உக்காருங்க, உக்காருங்க" என்றார்.

காப்பியோடு வந்த பெண் சிரிக்கவில்லை.

"தப்பா பட்டும் கோச்சிக்காம குந்தினீங்களே மாமா. நீங்க எழுந்து போய்டுவீங்கன்னு பயந்துட்டேன்" என்றாள்.

மாமா என்றதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை.

"போயிருப்பேன் தாயி. முட்டு பிடிச்சிக்கிட்டு, எந்திரிக்க முடியலைலா" என்றார்.

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள்.