பானட்டில் வைத்த காது

திண்டிவனத்தில் டீசல் வண்டி மக்கர் பண்ணினால் விருத்தாசலத்தைத்தான் கூப்பிடுவார்கள். அவர் பானட்டில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "அடி" என்பார். டிரைவர் செல்ஃப் அடிப்பார். சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார் என்று ஊரெல்லாம் பேர். அந்தப் பேர் எப்படி வந்தது என்பது அவர் ஒருவருக்கு மட்டும் தெரியும்.

அது 1993. அவருக்கு இருபத்துநாலு வயது. பஸ் ஸ்டாண்டு எதிரே தர்பூசணி ஏற்றிய பிக்கப் ஒன்று நின்றுபோயிருந்தது. செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. மூன்று மெக்கானிக்குகள் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். விருத்தாசலத்துக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. கூட்டம் வேடிக்கை பார்க்கும்போது சும்மா நிற்க முடியுமா? அதற்காகக் காதை வைத்தார். பிறகு, நாமே ஒருமுறை அடித்துப் பார்ப்போம் என்று கேபினில் ஏறும்போது முழங்கால் எதன் மேலோ இடித்தது. இன்ஜினை நிறுத்த வெளியே இழுக்கும் குமிழ் அது. இழுத்த டிரைவர் திரும்ப உள்ளே தள்ள மறந்திருந்தார், டீசல் போகவில்லை. முழங்கால் இடித்ததும் குமிழ் உள்ளே போய்விட்டது. அடுத்த அடியிலேயே வண்டி உறுமியது.

"எப்பிடிப்பா கண்டுபுடிச்ச?" என்றார்கள்.

"சத்தத்துலயே தெரிஞ்சிபோச்சி" என்றார் விருத்தாசலம். முழங்கால் இரண்டு நாள் வலித்தது.

அதன் பிறகு அவர் தொழிலை உண்மையாகவே கற்றுக்கொண்டார். ஃபில்டரில் தண்ணீர், குழாயில் காற்று, பம்பில் கோளாறு என்று கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, நியாயமாகவே கண்டுபிடித்தார். ஆனால் அதை யாரும் மதிக்கவில்லை. காதை வைத்தால்தான் வண்டிக்காரர்களுக்கு மனசு ஆறியது. ஒருமுறை டேங்கில் சொட்டு டீசல் இல்லை என்று எட்டிப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அப்போதும் காதை வைத்து எடுத்த பிறகுதான் சொன்னார்.

இப்படி இருபத்தொரு வருஷம் ஓடியது. 2014இல் வந்து சேர்ந்தார் வளவனூர் சகாய பிரவீன்.

பிரவீன் வாங்கியது செகண்ட் ஹேண்ட் பிக்கப், ஆனால் புது மாடல். மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகளை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருகினால் செல்ஃப் சுற்றுகிறது, வண்டி எழுந்திருக்கவில்லை. விருத்தாசலம் போனார், காதை வைத்தார். பேட்டரி பார்த்தார், ஃபில்டரைக் கழற்றி மாட்டினார், காற்றை வெளியேற்றினார். இன்ஜெக்டர் குழாயைத் தளர்த்தினால் டீசல் வரவே இல்லை. மீட்டர் போர்டில் சாவிப் படம் போட்ட சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. இந்தக் காலத்து வண்டியில் அழகுக்கு என்னென்னவோ வைக்கிறான் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் பதினொரு மணிக்கு பிரவீன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அண்ணா, தப்பா நெனக்காதீங்க. மதியம் வரைக்கும் பாக்குறேன். அப்புறம் கயிறு கட்டி விழுப்புரம் கம்பெனி ஷெட்டுக்கு இழுத்துக்கினு போயிடறேன். ரொம்ப பேஜாராப் போச்சி."

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தான் கைவிட்ட வண்டி கயிற்றில் கட்டி பஸ் ஸ்டாண்டு வழியாக ஊர்வலம் போனால், நாளைக்கு யார் அவரைத் தேடி வருவார்கள்?

அந்த நேரத்தில் பிரவீனின் மனைவி மெர்லின் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு சாவி.

"வண்டியோட வந்தது இந்த ஒரே சாவிதாங்கண்ணா. தொலைஞ்சிடப் போவுதுன்னு முந்தாநேத்து வண்டிய மார்க்கெட் கமிட்டியில வுட்டுட்டு பஸ் ஸ்டாண்டாண்ட டூப்ளிகேட்டு போட்டோம். கதவத் தொறந்து பாத்தாரு, சரியா இருந்திச்சி. அவரு அதை வச்சிக்கினாரு, நான் இதைக் கொண்டுபோயி மாதா காலடியில வச்சிட்டேன். ராவெல்லாம் ஜெபம் பண்ணியிருக்கேன், இதைப் போட்டுப் பாருங்க."

போட்டார்கள். ஒரே அடியில் வண்டி எழுந்தது. சிவப்பு விளக்கு அணைந்திருந்தது.

விருத்தாசலம் வண்டியை நிறுத்தி டூப்ளிகேட் சாவியைப் போட்டார். விளக்கு மினுக்கியது, வண்டி கிளம்பவில்லை. பழைய சாவி, கிளம்பியது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒரிஜினல் சாவியின் தலைக்குள் கம்பெனிக்காரன் ஏதோ எலக்ட்ரானிக் சில்லு வைத்திருக்கிறான். அது இல்லாத சாவி செல்ஃபைச் சுற்றும், டீசலை விடாது.

"மாதாவே!" என்று மெர்லின் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"மாதா ஒரு பக்கம் இருக்கட்டும். அண்ணன் காது வச்சப்பவே பாதி சரியாயிடுச்சி" என்றார் பிரவீன்.

பேசாமல் இருந்திருந்தால் பேரும் மிஞ்சியிருக்கும். ஆனால் இரண்டு நாள் அவமானத்துக்குப் பிறகு விருத்தாசலத்தால் அடக்க முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையைச் சொன்னார். "நான் ஒண்ணுமே கண்டுபுடிக்கலப்பா. சாவிதான் கோளாறு. வெளக்கு என் மூஞ்சிக்கு நேரா மினுக்கிக்கினு இருந்திச்சி, நான் கவனிக்கல. காதுல எனக்கு ஒண்ணும் கேக்காது. அந்தத் தர்பூசணி வண்டியக்கூட முழங்காலு இடிச்சிதான் எடுத்தேன்."

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

"எவ்ளோ அடக்கம் பாரு" என்றார் பிரவீன். "தொழிலு தெரிஞ்சவங்க இப்பிடித்தான் பேசுவாங்க." மெர்லின்கூட மாதாவை விட்டுவிட்டு அவரைக் கும்பிட்டார்.

விருத்தாசலத்துக்கு அழுகை வரும்போல் இருந்தது. பொய் சொன்னபோது நம்பியவர்கள், உண்மையைச் சொன்னபோதும் அந்தப் பொய்யைத்தான் நம்பினார்கள்.

மறுநாள் காலை செஞ்சி ரோட்டிலிருந்து ஒரு பிக்கப்பை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"சாவி ஒரிஜினலா?" என்று கேட்டார் விருத்தாசலம்.

"ஒரிஜினல்தாங்க. நீங்க மொதல்ல காத வைங்க."

சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பக்கத்து டீக்கடையில் யாரோ ரேடியோவை அணைத்தார்கள். விருத்தாசலம் குனிந்து, வெயிலில் கொதிக்கும் பானட்டில் காதை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை.

"அடி" என்றார்.