அப்பாவின் நோன்பை நான் கெடுத்த கதை

ராயபுரத்தில் எங்கள் வீட்டில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் ஆளுக்கு ஒன்றை விட்டுவிட வேண்டும். எட்டு வயதில் நான் விட்டது மிட்டாய். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பா மத்தியானச் சாப்பாட்டையே விட்டார். அவருக்குச் சர்க்கரை இருப்பது இரண்டு மாதம் முன்புதான் தெரிந்திருந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்து, சோற்றைக் குறைக்கச் சொல்லியிருந்தார். குறைப்பது அப்பாவுக்கு வராத வித்தை. ஒன்று மலையாகக் குவிக்க வேண்டும், இல்லையென்றால் தட்டையே கவிழ்க்க வேண்டும்.

"ஒரே பட்டினில சாமிக்கும் ஆச்சு, சுகருக்கும் ஆச்சு. இன்னா சொல்ற?" என்று அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டார். சாமி விஷயம் என்பதால் அம்மாவும் மறுக்கவில்லை. மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கிவந்தார்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம், கோயிலில் சிலுவைப்பாதை; இயேசு சிலுவை சுமந்த பதினான்கு ஸ்தலங்களுக்கும் நின்று நின்று ஜெபம். அம்மா முன்னால் பாட்டுக்காரர்களோடு நின்றாள். நானும் அப்பாவும் கடைசியில். ஆறாம் ஸ்தலத்தில் எல்லோரும் முழங்காலிட்டு எழுந்தபோது அப்பா மட்டும் எழவில்லை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. "ஒண்ணுமில்ல பாப்பா, ஒரு மாதிரி கீது" என்றார்.

அப்பா செத்துப்போகப் போகிறார் என்றே நினைத்தேன். மிட்டாயைத் தவிர வேறு வைத்தியம் எனக்குத் தெரியாது. விட்டுவிட்டதாகச் சொன்ன மிட்டாய் என் கவுன் பையில்தான் இருந்தது. அந்த ஆரஞ்சு மிட்டாயை அவர் வாயில் போட்டேன். அதற்குள் யாரோ ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மா ஓடிவந்து அவர் நாக்கின் ஆரஞ்சு நிறத்தைப் பார்த்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் செய்த பாவம் அவ்வளவு பெரியது என்று புரிந்துகொண்டேன்.

மாத்திரையும் போட்டுப் பட்டினியும் கிடந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிப்போகாதா என்று டாக்டர் அப்பாவைப் பிடித்துக் காய்ச்சினாராம். கிரேன் மேலே இருக்கும்போது இப்படி வந்திருந்தால் என்று அம்மா ஆரம்பித்து, முடிக்காமலே விட்டாள். அன்றிலிருந்து அரைத் தட்டுக்குக் கீரையோ கோவைக்காயோ, அதன் பிறகுதான் ஒரு கிண்ணம் சோறும் மீன்குழம்பும். வேலைக்குப் போகும்போது டப்பாவில் சுண்டல். டீக்குச் சர்க்கரை கிடையாது. "இன்னாது, ஆட்டுக்கு வெச்சதை எனக்கு வெச்சிட்டியா?" என்பார் அப்பா.

அந்த வருஷம்தான் எனக்கு முதல் பாவசங்கீர்த்தனம். மிட்டாய் வைத்திருந்ததையும், அதை நோன்பிருந்த அப்பாவின் வாயில் போட்டதையும் ஃபாதரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஃபாதர் கேட்டார்:

"அப்பா இப்ப ஒழுங்கா சாப்பிடறாரா?"

"கீரைன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கீறாரு ஃபாதர்."

"அப்போ நீ அவர் பக்கத்துல உக்காந்து, அவர் சாப்பிடறதையே சாப்பிடு. அதான் உனக்கு அபராதம்."

பந்து திருடியதைச் சொன்ன என் அண்ணனுக்குக் கிடைத்த அபராதம் மூன்றே மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம். எனக்கோ கோவைக்காய். எத்தனை நாளைக்கு என்று கேட்காமல் வந்தது என் முட்டாள்தனம்.

மூன்று மாதம் கழித்து வந்த ரிசல்ட்டில் சர்க்கரை சரியான அளவுக்கு வந்திருந்தது. அம்மா அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எங்களுக்கெல்லாம் அப்போதுதான் மூச்சே வந்தது. அன்று சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "பாப்பா மூஞ்சி சுளிக்காம துன்னுது. அத்த பக்கத்துல வெச்சிக்கினு நான் எப்டி ஒதுக்கறது?"

அம்மா என் தலையைத் தடவினாள். இதெல்லாம் அவர் நோன்பைக் கெடுத்ததற்கான அபராதம் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று, தலையைக் குனிந்துகொண்டு மிச்சக் கீரையையும் தின்று முடித்தேன்.