மாட்டிடம் சொன்ன சேதி

எங்கள் மாட்டுக் கொட்டிலின் கூரை வளையில் ஒரு சாக்கு தொங்குகிறது. மூன்று உரச் சாக்குகளைப் பிரித்துச் சேர்த்து மாமி கோணி ஊசியால் தைத்தது. ஒரு மாட்டின் பாரத்தைத் தாங்கிய சாக்கு. கழற்றி எறியப் பல தடவை கையை நீட்டியிருக்கிறேன்; முடிந்ததில்லை.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். அப்படிப் புளியந்தீவிலிருந்து கிரானில் வந்து விழுந்தவன் நான். வீடு மனைவியுடையது, மாடும் அவளுடைய சீதனம். அவள் குவைத்துக்கு வேலைக்குப் போனபிறகு வீட்டில் நானும் அவளுடைய தாயாரான மாமியும் மட்டும். மாமி பழைய காலத்து மனுஷி, மருமகனின் முகம் பார்த்துப் பேசமாட்டார். நான் கூடத்தில் இருந்தால் பின்பக்கத்தால் சுற்றிப் போவார். தேத்தண்ணியைக் கதவோரம் வைத்துவிட்டு ஒரு செருமல் செருமுவார், அவ்வளவுதான். பெண்சாதி இல்லாத வீட்டில் மருமகனாக இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும், எனக்கு மூச்சு முட்டியது. ஒரு மாரி காலத்தில் பையைக் கட்டிக் கட்டிலுக்கடியில் வைத்தேன். விடிந்ததும் அம்மாவிடம் போய்விடுவதென்று முடிவு.

விடிந்தபோது மாடு கன்று போட முடியாமல் கிடந்தது. மாட்டு டொக்டர் வந்து கயிறு கட்டி இழுத்துத்தான் கன்றை எடுத்தார். கன்று பிழைத்தது, தாயின் பின்னங்கால்கள் மரத்துப் போயின. ஊசி போட்டுவிட்டு, "ஒரே பக்கத்தில கிடக்க விட்டிராதங்க. மாத்தி மாத்திப் பிரட்டுங்க, இல்லாட்டிக் கால் செத்துப் போயிரும்" என்று சொல்லி அவர் போனார். பின்னேரம் வெள்ளம் பாதையை மூடியது. அயலவர்கள் பள்ளிக்கூடத்துக்கு இடம்பெயர்ந்தார்கள். படுத்த மாட்டை விட்டு மாமி அசையமாட்டார். மாமியை விட்டுவிட்டு நான் எப்படிப் போவது? ஒரு ஆளால் பிரட்டக்கூடிய மாடா அது?

மாமி தலைப்பக்கம் இருந்தார், நான் பின்பக்கம். அப்போதுதான் அவர் பேசத் தொடங்கினார், மாட்டோடு. "இஞ்ச பார் புள்ள, மருமகன் காலை மடக்கிப் பிடிக்கட்டும், மறுகா தள்ளட்டும்." மடக்கித் தள்ளினேன். "சோறு ஆறுதெண்டு சொல்லு புள்ள." போய்ச் சாப்பிட்டேன். பிரட்டுவது, வைக்கோல் மாற்றுவது, நல்லெண்ணெய் தேய்த்துக் காலை உருவுவது, கடும்புப் பாலைக் கறந்து கன்றுக்குப் பருக்குவது, திரும்பவும் பிரட்டுவது. முற்றத்துத் தண்ணீர் குறைந்தபாடில்லை. மாட்டின்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. செத்தாலாவது போகலாமே என்று நினைத்தேன். செத்தால் குவைத்தில் இருப்பவளுக்கு என்ன சொல்வது என்றும் நினைத்தேன்.

மாட்டைத் தூக்கி நிறுத்த, மாமி தைத்த சாக்கை வயிற்றுக்கடியில் கொடுத்துக் கயிற்றை வளைக்கு மேலால் போட்டு நான் இழுக்க, மாமி தோள் கொடுத்தார். பலமுறை சரிந்தது. கடைசியில் ஆடியாடி எழுந்த மாடு வழுக்கி என் பக்கம் சாய்ந்தது. "மனே, விலகு!" என்று கத்தினார் மாமி. மகனே என்று கூப்பிட்டு அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. மாடு கொட்டிலின் கப்புத் தூணில் சாய்ந்து நின்றுவிட்டது. மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். அவருடைய முதுகைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அது அவர் பிறந்து, பிறகு மகளுக்குக் கொடுத்த வீடு. அதன் கூடத்துக்குள் வர, இத்தனை நாளும் நான் எழுந்து போகும்வரை அவர் குசினியில் காத்திருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. வெள்ளம் வடிந்ததும் பையை அவிழ்த்தேன்.

இப்போது மனைவி வந்துவிட்டாள். மாமி பாரிசவாதத்தில் படுத்துவிட்டார். படுக்கைப் புண் வராமல் இருக்க, விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரைப் பிரட்டுகிறோம். இருவருமாகச் சேர்ந்து ஒரு கோயில் திருவிழாவுக்குக்கூடப் போக முடிவதில்லை. நான் பக்கத்தில் வந்தால் மாமி கண்ணை மூடிக்கொள்வார். இன்று காலை மூடவில்லை. என்னையே பார்த்து, குழறிய வாயால், "மாடெண்டா எழும்பும் மனே. நான் எழும்பமாட்டன். அண்டைக்குக் கட்டின பையைத் தூக்கிட்டு அவளையும் கூட்டிட்டுப் போங்க" என்றார். இத்தனை காலமும் அவருக்கு அது தெரிந்திருக்கிறது.

அவர் முகத்தைப் பாராமல் யன்னல் பக்கம் திரும்பினேன். யன்னலுக்கு வெளியே, வளையில் தொங்கும் சாக்கில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு மாடு நின்றது.

"இஞ்ச பார் புள்ள," என்றேன் அதனிடம். "மாமிட்டச் சொல்லு, அந்தப் பைக்குள்ள இப்ப உனக்கு வாங்கின தவிடுதான் கிடக்கு எண்டு."