திரை சொன்ன "பத்திரம்"

உணவகத்தில் கோப்பை கழுவிய காலத்திலேயே டெனிஸ்டன் கணினியைத் தானாகப் படித்தவர். இப்போது மொன்ட்ரியாலை அடுத்த லொங்குய்யில் ஒரு கலியாணப் படப்பிடிப்பு நிலையத்தில் வேலை. கமராப் படங்களைக் கணினிக்குப் பிரதியெடுக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல் அவர் எழுதியது. அதன் கடைசி வரி திரையில் "படங்கள் பத்திரம்" என்று காட்டும். அதைப் பார்த்த பிறகே உதவியாளர் செலீன் கமராவின் நினைவக அட்டையிலுள்ள படங்களை அழிப்பாள்.

அன்று ஒரு கலியாணத்தின் படங்களை ஏற்றும்போது கணினியில் இடம் நிரம்பி, ஒரு படமும் ஏறவில்லை. திரை வழக்கம்போல் பத்திரம் என்றது. செலீன் அட்டையை அழித்துவிட்டாள்.

"கண் என்ன பிடரியிலையோ?" என்று முதலாளி விமலநாதன் அவள்மேல் பாய்ந்தார்.

"பத்திரம் எண்டுதானே அண்ணை கிடந்தது!"

டெனிஸ்டனுக்கு நெஞ்சு சுட்டது. பிரதியெடுக்கும் கட்டளை சரியாக முடிந்ததா என்று பார்த்து, சரியென்றால் மட்டும் அந்த வரியைக் காட்டச் செய்திருக்க வேண்டும். பேந்து பார்ப்பம் என்று தள்ளிப்போட்டிருந்தார்.

"அவளைப் பேசாதேங்கோ அண்ணை. பிழை என்ரை. பொம்பிளை வீட்டுக்கு நானே போய்ச் சொல்லுறன்."

மொன்ட்ரியால்-நோரில் இருந்த அந்த வீட்டில் மணப்பெண்ணே கதவைத் திறந்தாள். அவர் கையிலிருந்த கணினிப் பையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"படம் கொண்டு வந்தனீங்களோ, அண்ணை?"